பழைய சோற்றையும் சுடுசோற்றையும் மாடல் ஒன்றாகவே பார்க்கிறது, ப்யூட்டிரேட்டும் வரவில்லை – உதவி வேண்டும்

நகரி_தறிவீடு எழுதியது:

வணக்கம். நான் நகரிக்காரி. வீட்டில் விசைத்தறி ஓட்டுகிறோம். திருப்பதியில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தினமும் ஏகாம்பரகுப்பத்தில் ரயில் ஏறிப் போய் வருகிறேன். புராஜெக்டுக்குக் குடல் பாக்டீரியாக்களின் வளர்சிதைமாற்ற மாடலை எடுத்திருக்கிறேன். எங்கள் துறையில் இதற்கு முன் யாரும் இதைத் தொட்டதில்லை. வழிகாட்டி அன்பானவர், ஆனால் அவருடைய உலகம் புரதப் படிகங்கள். தமிழில் எழுதினால்தான் எனக்கு யோசனை ஓடும், அதனால் இங்கே கேட்கிறேன்.

கேள்வி எங்கள் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து வந்தது. காலையில் மோர் ஊற்றிய பழையது, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். ராத்திரி கேழ்வரகுக் களி, வேர்க்கடலைத் துவையல். நாள் முழுக்கத் தறியில் நிற்கிறவர்களுக்கு இதுதான் தெம்பு. என் தெலுங்குத் தோழிகள் வீட்டில் சத்தன்னம், சங்கட்டி என்பார்கள், சாப்பாடு அதேதான். இந்தத் தட்டு பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு என்ன கொடுக்கிறது, அவற்றால் எவ்வளவு ப்யூட்டிரேட் (நாரையும் மாவையும் நொதிக்கவைத்து அவை செய்கிற ஒரு குறுங்கொழுப்பு அமிலம்) செய்ய முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. மேற்கத்திய உணவு, நார் மிகுந்த உணவு என்று ஆயத்தப் பட்டியல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றை அப்படியே போட்டு முடித்துவிட எனக்கு மனசு வரவில்லை. ஆயா பரிமாறுகிற தட்டுதான் வேண்டும்.

இதுவரை செய்தது இது. குடல் பாக்டீரியா மாடல்களின் அகோரா தொகுப்பிலிருந்து நான்கு மாடல்கள் இறக்கினேன்: பாக்டீராய்ட்ஸ் தீட்டாயோட்டாமைக்ரான் (சுருக்கமாகத் தீட்டா), ரூமினோகாக்கஸ் ப்ரோமி, பிஃபிடோபாக்டீரியம் அடோலசென்டிஸ், ஃபீகாலிபாக்டீரியம் ப்ராஸ்னிட்சி. மாடலை ஓட்டப் பைத்தானில் கோப்ராபை, கணக்கைத் தீர்க்க உடன் வருகிற இலவச ஜி.எல்.பி.கே. சால்வர். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவுப் பட்டியலை எடுத்துக்கொண்டேன். அதில் 528 உணவுகள் இருக்கின்றன. கேழ்வரகு 100 கிராமுக்கு நார் 11.18 கிராம், கால்சியம் 364 மில்லிகிராம். தீட்டிய பச்சரிசிக்கு நார் 2.81 கிராம். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து மில்லிமோலாக மாற்றி, உள்ளே வரும் எல்லைகளாகப் போட்டேன். ஆக்சிஜனை அடைத்துவிட்டேன்.

இப்போது சிக்கல்கள்:

சுடுசோறு, பழைய சோறு என்று இரண்டு பட்டியல் வைத்தேன். இரண்டுக்கும் விடை கடைசிப் புள்ளிவரை ஒன்றாகவே வருகிறது.

ப்ராஸ்னிட்சி வளரவே மாட்டேன் என்கிறது, வளர்ச்சி பூஜ்யம். கட்டுப்பாடு எதுவும் போடாமல் விட்டால் நன்றாக வளர்கிறது.

நான்கையும் ஒன்றாகச் சேர்த்து மொத்த வளர்ச்சியை உச்சப்படுத்தினால், எல்லாவற்றையும் தீட்டா ஒன்றே எடுத்துக்கொள்கிறது. மற்ற மூன்றும் பூஜ்யம்.

ப்ராஸ்னிட்சிக்கு ஊட்டமெல்லாம் திறந்துவிட்டு வளரவைத்தாலும் ப்யூட்டிரேட் வெளியேற்றம் சில முறை பூஜ்யம், சில முறை ஏதோ ஓர் எண். நான் எதையும் மாற்றவில்லை, சால்வரை மட்டும்தான் மாற்றினேன்.

மாடலே தப்பா, நான் கேட்கிற விதம் தப்பா? அடுத்த மாதம் துறையில் இதைப் பேச வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பரதராமி_ரோடு எழுதியது:

தங்கச்சி, நான் பரதராமிக்காரன். குடியாத்தத்துக்கும் சித்தூருக்கும் நடுவில் பஸ்ஸில் தொங்கிப் படித்தவன். இப்போது சென்னையில் இதே வளர்சிதைமாற்ற வலைப்பின்னல் வேலைதான் செய்கிறேன். நீ எடுத்திருக்கிற கேள்வி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் தட்டுக்கு யாராவது இந்தக் கணக்கைப் போட மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் திரியைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு பத்தி. ஒரு பாக்டீரியாவின் ஜீனோமைப் படித்தால் அதனிடம் என்னென்ன நொதிகள் இருக்கின்றன, அவை எந்தெந்த வினைகளைச் செய்யும் என்று பட்டியலிடலாம். அந்த வினைகளை ஒரு பெரிய அணியாக எழுதுகிறோம்: வரிசைகளில் வேதிப்பொருள்கள், நிரல்களில் வினைகள். உள்ளே எந்தப் பொருளும் தேங்காது, உருவாகிற அளவே செலவாகவும் வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. எவ்வளவு உணவு உள்ளே வரலாம் என்பது இன்னொன்று. இந்த எல்லைகளுக்குள் அதிகபட்ச வளர்ச்சி எவ்வளவு என்று லீனியர் புரோகிராமிங்கில் கேட்கிறோம். இதுதான் ஃப்ளக்ஸ் பேலன்ஸ் அனாலிசிஸ். முழு ஜீனோமுக்கான முதல் மாடல் 1999இல் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சேவுக்கு வந்தது, கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் பெர்னார்ட் பால்சன் குழுவிலிருந்து. ஈ.கோலையின் 2017 மாடலில் 1515 மரபணுக்களும் 2719 வினைகளும் இருக்கின்றன. குடல் நுண்ணுயிர்களுக்கு 2017இல் அகோரா 773 மாடல்களோடு வந்தது. 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் 7302. இனெஸ் தீலே குழுவின் வேலை அது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். பழைய சோற்றிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு வரும்.

சுடுசோறும் பழைய சோறும் ஒரே விடை தருவது சால்வர் பிழை கிடையாது. மாடலுக்கு மாவுச்சத்து என்றால் இத்தனை குளுக்கோஸ் கோத்த ஒரு சங்கிலி, அவ்வளவுதான். சோறு ஆறும்போது அமைலோஸ் என்ற நீண்ட மாவுச் சங்கிலிகள் மறுபடி நெருங்கி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்குக்குள் மாவை உடைக்கும் நம் நொதியான அமைலேஸ் எளிதில் நுழைய முடியாது. அதனால் கொஞ்சம் மாவு சிறுகுடலில் செரிக்காமல் தப்பித்துப் பெருங்குடலுக்குப் போகிறது. இதில் வேதி வாய்பாடு மாறவே இல்லை. அணியில் எழுதுவது வாய்பாட்டை மட்டும்தான். ஆகவே அந்த வித்தியாசத்தை நீதான் வெளியிலிருந்து கொண்டுவந்து வைக்க வேண்டும்.

எங்கே வைப்பது? இரண்டு இடங்களில். முதலாவது, அளவு. தட்டில் இருக்கிற மாவு முழுவதையும் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிடாதே. பெரும்பகுதியைச் சிறுகுடலில் நாமே உறிஞ்சிக்கொள்கிறோம். நுண்ணுயிர்க் கூட்டங்களுக்கு மாடல் போடும் மைகாம் கருவியில், மனிதக் குடல் உறிஞ்சக்கூடிய பொருள்களைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துத்தான் பாக்டீரியாவுக்கு விடுகிறார்கள். நீயும் குளுக்கோஸ், அமினோ அமிலம் போன்றவற்றுக்கு அப்படிச் செய். மாவுக்கு மட்டும் செரிக்காத பங்கு எவ்வளவு என்று தனி எண் வேண்டும். வேகவைத்து ஆறவைத்த அரிசியில் அளந்த ஆய்வுக் கட்டுரைகளைத் தேடு. அரிசி ரகத்தில் அமைலோஸ் எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஆறியது, எந்த வெப்பநிலையில் ஆறியது என்பதைப் பொறுத்து அந்த எண் நிறைய மாறும். அதனால் ஒரே ஓர் எண்ணை நம்பி உட்காராதே. ஒரு வீச்சு எடுத்துக்கொண்டு கீழிருந்து மேல்வரை ஓட்டிப் பார்.

இரண்டாவது, யார் சாப்பிட முடியும் என்பது. இது நிறையப் பேர் விட்டுவிடுகிற இடம். அகோராவில் மாவை உடைக்கும் நொதி எந்த பாக்டீரியாவிடம் இருந்தாலும் அதற்கு மாவு கிடைத்துவிடும். நிஜத்தில் அப்படி இல்லை. ஸ்காட்லாந்தின் அபர்டீன் குழு 2012இல் வெளியிட்ட சோதனையில், செரிக்காத மாவை உடைப்பதில் ரூமினோகாக்கஸ் ப்ரோமி எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது. பிஃபிடோ அடோலசென்டிஸ் ஓரளவு செய்தது. கரைந்த மாவை அருமையாகக் கையாளும் தீட்டா இதில் பின்தங்கியது. ஆகவே கோப்ராபையில் 'செரிக்காத மாவு' என்று ஒரு புதுப் பொருளைச் சேர். அதை உடைக்கிற வினையை ப்ரோமிக்கு முழுதாகவும் பிஃபிடோவுக்குச் சிறிதாகவும் கொடு. தீட்டாவுக்குக் கொடுக்காதே. உடைந்து வெளியே சிந்துகிற மால்டோஸ், மால்டோட்ரயோஸ் எல்லாருக்கும் பொது. இதைச் செய்தாலே உன் மூன்றாவது சிக்கல் பாதி தீரும்.

இனி அலகு. இதைப் பொறுமையாகப் படி, ஏனென்றால் எண்கள் இங்கேதான் கோணும். மாடலின் எல்லைகள் மில்லிமோல், ஒரு கிராம் உலர் பாக்டீரியாவுக்கு, ஒரு மணி நேரத்துக்கு. உன் உணவுப் பட்டியலோ ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு. நடுவில் குடலில் பாக்டீரியா எவ்வளவு என்று தெரிய வேண்டும். 2016இல் சென்டர், ஃபுக்ஸ், மிலோ மூவரும் போட்ட கணக்கில் ஒரு மனித உடலில் ஏறக்குறைய 38 லட்சம் கோடி பாக்டீரியா, எடை 200 கிராம் அளவு. உலர்ந்தது 60 கிராம் என்று வைத்துக்கொள்வோம். செரிக்காத மாவு நாளைக்கு 10 கிராம் என்று எடு. மாவில் இருக்கிற ஒரு குளுக்கோஸ் அலகுக்கு மூலக்கூறு எடை 162. ஆக 10 கிராமில் சுமார் 61.7 மில்லிமோல். 24ஆல் வகுத்தால் மணிக்கு 2.57. 60ஆல் வகுத்தால் 0.043. இன்னும் முடியவில்லை. அகோராவில் நீ இந்த மாவை 'அமைலோஸ்300' என்ற பொருளாகக் கொடுத்தால், அதன் ஒரு மூலக்கூறில் 300 குளுக்கோஸ். 0.043ஐ 300ஆல் வகு: 0.00014. அவ்வளவு சின்ன எண்தான் சரியான எல்லை. ஈ.கோலை பாடத்தில் குளுக்கோஸுக்கு 10 என்று போட்டுப் பழகிய கை அமைலோஸ்300க்கும் 10 என்று போட்டால் 3000 குளுக்கோஸ் உள்ளே கொட்டும். அதற்கப்புறம் எந்த உணவுப் பட்டியலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். உன் இரண்டு பட்டியலிலும் இதை ஒருமுறை சரிபார். வளர்ச்சி எண்ணும் சின்னதாக வரும், அது பரவாயில்லை. குடலில் பாக்டீரியா ஆய்வகக் குடுவையில் போலப் பாய்ந்து வளர்வதில்லை. 60 கிராம் என்பது என் கைக்கணக்கு என்பதால் தனி எண்களைவிட இரண்டு உணவுகளுக்கு நடுவிலான விகிதத்தை எழுது. விகிதத்தில் அந்த 60 இரண்டு பக்கமும் ஒன்றாகவே நிற்கும்.

ப்ராஸ்னிட்சி வளராதது பெரும்பாலும் மிக எளிய காரணம். வளர்ச்சியைக் குறிக்கும் உயிர்ப்பொருள் வினையில் கோபால்ட், மாங்கனீஸ், துத்தநாகம், செம்பு, பொட்டாசியம் என்று வரிசையாக இருக்கும். அதில் ஒன்று உன் பட்டியலில் விட்டுப்போனாலும் வளர்ச்சி பூஜ்யம்தான். வைட்டமின்களும் அப்படியே, இந்த பாக்டீரியா பலவற்றைத் தானே செய்துகொள்ளாது. கோப்ராபையில் குறைந்தபட்ச ஊடகத்தைக் கண்டுபிடித்துத் தரும் ஒரு செயற்கூறு இருக்கிறது. அதை ஓட்டி வருகிற பட்டியலை உன் பட்டியலோடு ஒப்பிடு. விட்டுப்போன உலோகங்களைத் தாராளமாகத் திறந்துவிடலாம், குடலில் அவை எப்படியும் உண்டு. அமினோ அமிலமோ வைட்டமினோ விட்டுப்போயிருந்தால் மட்டும் நின்று யோசி: அது சாப்பாட்டிலிருந்து வரவேண்டுமா, பக்கத்து பாக்டீரியாவிடமிருந்து வரவேண்டுமா? அந்தக் கேள்விக்கு நீ தருகிற விடையே உன் புராஜெக்டின் ஒரு பக்கமாக ஆகலாம்.

தீட்டா எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வது. மொத்த வளர்ச்சியை உச்சப்படுத்து என்று சொன்னால், பந்தியில் வேகமாகச் சாப்பிடுகிறவன் இலைக்கே எல்லாச் சோற்றையும் தள்ளுகிற மாதிரி சால்வர் நடந்துகொள்ளும். ஒரு கிராம் சர்க்கரைக்கு அதிக உயிர்ப்பொருள் செய்கிறவனுக்கே எல்லாம். அந்தக் கணிதத்துக்கு அதுதான் உச்சம், குடலுக்கு அல்ல. மைகாம் இதற்காகவே 2020இல் வந்தது: மொத்த வளர்ச்சியில் ஒரு பங்கை, உதாரணமாகப் பாதியை, விட்டுக்கொடு, மிச்சத்தை எல்லாருக்கும் பரவலாகப் பங்கிடு என்கிறது. இருபடிக் கணக்கு என்பதால் ஜி.எல்.பி.கே. தனியாகப் போதாது, வேறு சால்வர் வேண்டும்: ஓ.எஸ்.க்யூ.பி. இலவசம், குரோபி மாணவர்களுக்கு இலவசம்.

ப்யூட்டிரேட் சில முறை பூஜ்யம், சில முறை எண் என்பது பல விடைகள் சம உச்சத்தில் இருப்பதால். வளர்ச்சி ஒன்றுதான், ஆனால் அந்த வளர்ச்சியை அடைய வழி பல. ஒரு சால்வர் ஒரு வழியைக் காட்டும், மற்றொன்று வேறு வழியை. ஒற்றை எண்ணைக் கேட்காமல் ஃப்ளக்ஸ் வேரியபிலிட்டி ஓட்டி, வளர்ச்சியை 90 சதவீதத்தில் பிடித்துவைத்துக்கொண்டு, ப்யூட்டிரேட்டின் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று கேள். அப்புறம் அசிடேட்டைப் பார். ப்ராஸ்னிட்சி அசிடேட்டை உள்ளே எடுத்துக்கொண்டு ப்யூட்டிரேட்டை வெளியே விடுகிற இனம். அந்த அசிடேட் பிஃபிடோவிடமிருந்தும் ப்ரோமியிடமிருந்தும் வருகிறது. ஊட்டமெல்லாம் திறந்துவிட்டுத் தனியாக ஓட்டினால் இந்தக் கொடுக்கல் வாங்கல் தெரியாது.

எதையும் தொடுமுன் ஒரு சோதனை மட்டும் செய்துவிடு. ஈ.கோலையின் சிறிய மாடல், அதில் வினைகள் 95தான். குளுக்கோஸ் 10 வைத்து ஆக்சிஜனோடு ஓட்டினால் 0.874, ஆக்சிஜனை அடைத்தால் 0.212 வர வேண்டும். வந்தால் உன் கணினி, சால்வர் எல்லாம் சரி.

---

சித்தூர்_பொது_மருத்துவம் எழுதியது:

பரதராமி தம்பி கணக்குப் பக்கத்தை நன்றாகச் சொல்லிவிட்டார். நான் நோயாளிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

அம்மா, நீ எடுத்திருக்கிற விஷயம் நம் ஊருக்குப் பக்கத்திலேயே பெரிய வேலையாக நடந்திருக்கிறது, உன் அறிமுகத்தில் அதைக் கட்டாயம் எழுது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகளுக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலில் செரிக்காத மாவைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2000இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. 48 பேர், மூன்று பிரிவு: வழக்கமான கரைசல், லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு சேர்த்தது, 50 கிராம் செரிக்காத மக்காச்சோள மாவு சேர்த்தது. மூன்றாவது பிரிவில் மலத்தின் அளவு குறைந்தது, பேதியும் சீக்கிரம் நின்றது. காரணம் நீ படிக்கிற அதே விஷயம். குளுக்கோஸ் சிறுகுடலில் வேலை செய்கிறது. செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அதைக் குறுங்கொழுப்பு அமிலங்களாக மாற்ற, அந்த அமிலங்கள் உப்பையும் தண்ணீரையும் உடலுக்குள் இழுக்க உதவுகின்றன. பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு நோயாளியைத் தேற்றினார்கள். அந்த ஆய்வைப் படித்த பிறகுதான் பெருங்குடலைக் கழிவுக் குழாயாக நினைக்கிற பழக்கம் என்னிடமிருந்து போனது.

அடுத்தது ஓர் எச்சரிக்கை. மாடல் சொல்கிற ப்யூட்டிரேட் அளவை மலத்தில் அளந்த அளவோடு நேராக ஒப்பிடாதே. இந்த அமிலங்களில் 95 சதவீதம் வரை பெருங்குடலே உறிஞ்சிவிடுகிறது. ப்யூட்டிரேட்டை அங்கே இருக்கிற செல்கள் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. மலத்தில் மிச்சமாக வருவதை வைத்து உற்பத்தியைச் சொல்ல முடியாது. உறிஞ்சுவது வேகமாக நடந்தால் உற்பத்தி அதிகமாக இருந்தும் மலத்தில் குறைவாகத் தெரியும். துறைக் கூட்டத்தில் யாராவது இந்தக் கேள்வியை எழுப்புவார்கள், பதிலோடு போ.

மருந்துப் பக்கமும் இந்த மாடல்களுக்கு வேலை இருக்கிறது, அதையும் ஒரு வரி சொல். டைகாக்ஸின் என்ற இதய மருந்தை எக்கர்தெல்லா லென்டா என்ற குடல் பாக்டீரியா செயலிழக்கச் செய்கிறது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற லெவோடோபாவை என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் வழியிலேயே டோபமினாக மாற்றிவிடுகிறது. அது மூளைக்குப் போய்ச் சேராது. அகோராவின் இரண்டாம் பதிப்பில் 98 மருந்துகளுக்கு இப்படிப்பட்ட வினைகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே மாத்திரையை இரண்டு பேருக்குக் கொடுத்து ஒருவருக்கு மட்டும் வேலை செய்யாமல் போவதை இத்தனை வருஷமாகப் பார்க்கிறவன் நான். இந்த வேலை வளர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

---

புத்தூர்_மாந்தோப்பு எழுதியது:

படிப்பு எனக்கு அவ்வளவாக இல்லை, ஆனால் முழுக்கப் படித்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை. பழைய சோறு கொடுத்தால் நல்லது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாமா?

---

சித்தூர்_பொது_மருத்துவம் எழுதியது:

எடுத்துக்கொள்ள வேண்டாம் ஐயா. இந்த மாடல் பாக்டீரியாவுக்கு என்ன முடியும் என்று சொல்கிறது, உங்கள் அப்பாவின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு ஏறும் என்று சொல்லாது. பழைய சோற்றிலும் பெரும்பகுதி செரிக்கிற மாவுதான். வழக்கமாகச் சாப்பிடுகிற அளவையே ஒரு நாள் சுடச்சுட, இன்னொரு நாள் பழையதாகக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து வீட்டு மீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். அடுத்த முறை அவருடைய மருத்துவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள்.

---

நகரி_தறிவீடு எழுதியது:

அண்ணா, டாக்டர் ஐயா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வேலூர் ஆய்வை உடனே எடுத்துப் படித்தேன். ரயிலில் உட்கார்ந்து படித்துக்கொண்டே வந்து, பக்கத்தில் இருந்த தோழிக்கும் தெலுங்கில் சொல்லிக் காட்டினேன்.

சின்ன ஈ.கோலை மாடல் நீங்கள் சொன்ன எண்ணையே தருகிறது. ப்ராஸ்னிட்சிக்குக் குறையாக இருந்தவை கோபால்ட்டும் மாங்கனீஸும், கூடவே இரண்டு பி வைட்டமின்கள். உலோகங்களைத் திறந்துவிட்டேன். வைட்டமின்களைத் திறக்காமல், மற்ற மூன்றும் அவற்றை வெளியே விட அனுமதித்துப் பார்த்தேன், வளர்கிறது. இதைத் தனியாக எழுதப் போகிறேன்.

மாவு எல்லையை நீங்கள் காட்டிய வழியில் வகுத்துப் போட்டதும் இரண்டு பட்டியலும் பிரிந்துவிட்டன. செரிக்காத மாவைப் புதுப் பொருளாக்கி, ப்ரோமிக்கும் பிஃபிடோவுக்கும் மட்டும் கொடுத்து, நாளைக்கு 2 கிராமிலிருந்து 20 கிராம் வரை மைகாமில் ஏற்றிப் பார்த்தேன். ப்யூட்டிரேட்டின் மேல் எல்லை கூடவே ஏறுகிறது. கீழ் எல்லை பூஜ்யத்திலேயே நிற்கிறது. ப்ரோமியை எடுத்துவிட்டால் மேல் எல்லை சட்டென்று இறங்குகிறது, ப்ராஸ்னிட்சி அங்கேயே இருந்தும்கூட. ப்யூட்டிரேட் செய்யாத ஒன்றை எடுத்தால் ப்யூட்டிரேட் குறைகிறது என்பதைத் திரையில் பார்த்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆயாவிடம் சொன்னேன், 'சோற்றை நீ மட்டும் தின்னலன்னு சொல்லு' என்றார்.

இரண்டு கேள்வி மிச்சம் இருக்கிறது. கீழ் எல்லை பூஜ்யம் என்பதை எப்படி எழுதுவது? மேல் எல்லை ஓர் இடத்துக்கு மேல் மெதுவாக ஏறுகிறது, கோடு மடங்குகிறது. அது என்ன?

---

பரதராமி_ரோடு எழுதியது:

கீழ் எல்லையை உள்ளபடியே எழுது: இந்த உணவில் இந்த நான்கு இனமும் ப்யூட்டிரேட் செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இவ்வளவு வரை செய்ய முடியும். மேல் எல்லையை 'உற்பத்தி' என்று எழுதாதே, 'உற்பத்தித் திறன்' என்று எழுது. வரைபடத்தில் இரண்டு கோட்டையும் போட்டு நடுவில் நிழலிட்டுக் காட்டு.

கோடு மடங்குகிற இடத்தில் மாவு கட்டுப்பாடாக இருப்பது நின்று, வேறு ஏதோ ஓர் ஊட்டம் கட்டுப்பாடாகிறது. அது எது என்று நிழல் விலைகளை, அதாவது ஓர் ஊட்டம் கொஞ்சம் கூடினால் விடை எவ்வளவு மாறும் என்பதை, பார்த்தால் தெரியும். லீனியர் கணக்கைத் தீர்க்கும்போது சால்வர் அதையும் சேர்த்தே தரும்; மேல் எல்லையைக் கண்டுபிடிக்கிற அந்தக் கணக்கிலிருந்து எடு. மடங்குகிற புள்ளிக்கு முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிடு. என் ஊகம் நைட்ரஜன், அதாவது அமினோ அமிலங்கள். நீ அவற்றைப் பத்தில் ஒன்றாகக் குறைத்திருப்பாய். அப்படியானால் வேர்க்கடலைத் துவையலைப் பட்டியலில் சேர்த்து மறுபடி ஓட்டு. களிக்கு ஏன் அது தொட்டுக்கையாக வந்தது என்று நான் கதை கட்டத் தயாரில்லை, ஆனால் புரதம் கூடும்போது கோடு மடங்கும் இடம் நகர்கிறதா என்பது நல்ல சோதனை.

கூட்டத்துக்கு முன் நான்கு மாடல்களையும் மாடலின் தரத்தைச் சோதிக்கும் மெமோட் வழியாக ஓட்டி அறிக்கையை இணைத்துவிடு. நிறைச் சமன் குலைந்த வினைகள் எவை என்று அதில் வரும். உணவுப் பட்டியலில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே எங்கிருந்து எடுத்தாய், எதை நீயாக வைத்துக்கொண்டாய் என்று ஒரு கட்டம் போடு. அந்தக் கோப்பை முடித்ததும் இங்கே ஏற்று. கேழ்வரகுக்குச் செரிக்காத மாவு எண் தேடுவதை நான் இந்த வாரம் பார்க்கிறேன். ஆறிய களிக்கும் சூடான களிக்கும் தனித்தனியாக அளந்தது கிடைத்தால் இந்தத் திரியிலேயே போடுகிறேன்.